கல்வெட்டில் இல்லாத பெயர்கள்

 

நம் மாலைப் பாடசாலைப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அண்மையில் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்திற்குச் சென்றிருந்தேன். நமக்குக் கூப்பிடு தொலைவில் உள்ள இடம் அது. எனினும் வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் அதுவரை அதன் படியேறியதில்லை.

தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1910 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது இந்த அருங்காட்சியகம். 1948 இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அரசர்கள் திரட்டிய பொருள்கள் மக்களின் பொதுச்சொத்தாயின. அங்கே சீட்டு வாங்கும் வரிசையில் முன்னும் பின்னும் உண்டே தவிர, மேலும் கீழும் இல்லை. நம் பாட்டன்மார் எத்தனையோ வாசல்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். திறந்திருக்கும் இந்த வாசலுக்குள் நாமே போகாமல் இருப்பது முறையா?

கற்சிலைகள், செப்புத் திருமேனிகள், படைக்கலங்கள், இசைக் கருவிகள் என ஒவ்வொன்றாய்ப் பார்த்து வருகையில் மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, இவற்றில் நம்மவர் பெயர் எங்கே இருக்கிறது?"

அவனுக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. விடையை எங்களோடு வந்திருந்த மூதாட்டி ஒருவர் காட்டினார். கல்லுடைத்தே பிள்ளைகளை வளர்த்தவர் அவர். சிலையின் முகத்தை நோக்காமல் அதன் பக்கவாட்டில் குனிந்து உளித்தடங்களைப் பார்த்தார். "வெடிமருந்து இல்லாத நாளில் குழியடித்து ஆப்பிறக்கித்தான் இந்தக் கல்லைப் பெயர்த்திருப்பார்கள், தம்பி. எத்தனை பேருடைய கை காய்த்ததோ!" என்றார்.

நண்பர்களே! பெயர் இல்லாத இடத்திலும் உழைப்பு இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியல் உண்டு. ஊர்நத்தம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் அங்கே குறிக்கப்படுகிறது. சேரிக்கு இடம் உண்டு. சேரியில் வாழ்ந்தவனுக்குப் பெயர் இல்லை. ஆனால் நம் மாவட்டத்துச் சித்தன்னவாசல் குகையில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பொறித்த தமிழி எழுத்தைப் பாருங்கள். துறவிக்கான இருக்கையைச் செய்தளித்தவர் சிறுபொசில் இளையர் என்று பெயர் சொல்கிறது அது. எழுதி வைத்த பெயர் இன்றும் நிற்கிறது. எழுதாத பெயர் மண்ணோடு போயிற்று.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் டிஸ்டிரிக்ட் சிக்ஸ் என்றொரு பகுதி இருந்தது. 1966 இல் நிறவெறி அரசு அதை வெள்ளையர்க்கு மட்டும் உரியதென அறிவித்து, அறுபதாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றியது. 1994 இல் அங்கே பழைய தேவாலயம் ஒன்றில் அருங்காட்சியகம் அமைந்தது. தரையில் விரித்த பெரிய வரைபடத்தில், விரட்டப்பட்டவர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தைக் கண்டு பெயரெழுதினார்கள். அவர்கள் அரசர்கள் அல்லர், நம்மைப் போன்றவர்கள்.

நம்மிடமும் சொல்லத்தக்க வரலாறு உண்டு. 1990களின் தொடக்கத்தில் இம்மாவட்டத்துக் கல்லுடைக்கும் பெண்கள், குத்தகைதாரரிடம் கூலிக்கு நின்ற நிலையை மாற்றிக் குவாரிகளைத் தாங்களே குத்தகைக்கு எடுத்தார்கள். அவர்களுள் ஒடுக்கப்பட்ட குலத்தவர் பலர். அதே காலத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். அந்தத் தாய்மார்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னால்தான் நமக்குத் தெரியும். நாம் எழுதினால்தான் நாளை இருக்கும்.

ஆகவே இந்த வெள்ளி விழாவில் ஒரு வேண்டுகோள். இளைஞர் ஒவ்வொருவரும் தம் தெருவிலுள்ள முதியவர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் செய்த தொழிலையும் பட்ட பாட்டையும் அவர் பெயரோடு எழுதி வாருங்கள். வீட்டில் கிடக்கும் பழைய சம்மட்டி, பறை, கடன் சீட்டு, முதல் பள்ளிச் சான்றிதழ் எதையும் எறிந்துவிடாதீர்கள். கழகக் கட்டடத்தில் ஓர் அலமாரி போதும், அங்கிருந்து தொடங்குவோம்.

அந்த மாணவன் தன் பிள்ளையோடு வரும் நாளில், "நம்மவர் பெயர் இதோ" என்று சுட்டிக்காட்டும்படி செய்வது நம் கடமை.