மூன்றாம் தமிழுக்குக் கூலி யார் தருவது?

(கீழ்வேளூரில் தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்திய பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழை முத்தமிழ் என்று முழங்காத மேடை தமிழ்நாட்டில் இல்லை. இயலுக்குப் புலவர் உண்டு. அவருக்குப் பள்ளியிலோ கல்லூரியிலோ திங்கள்தோறும் சம்பளம் உண்டு. இசைக்குப் பாடகர் உண்டு. அவருக்குத் திருமண வீட்டிலும் திருவிழாப் பந்தலிலும் பொருளும் மாலையும் உண்டு. நாடகத்துக்கு நடிகர் உண்டு. அவருக்குக் கைதட்டலும், நல்லூழ் இருந்தால் திரைப்பட வாய்ப்பும் உண்டு. அந்நாடகத்தை எழுதியவனுக்கு என்ன உண்டு? இவ்வினாவை ஒருவரும் கேளாமலே முத்தமிழ் முழக்கம் மட்டும் குறைவின்றி நடந்து வந்திருக்கின்றது. மூன்றாம் தமிழை ஆக்கியவன் எப்படி உண்டான், எங்கே உறங்கினான், யார் வாயிலில் காத்துக் கிடந்தான் என்பதை அறியாமல், அத்தமிழ் ஏன் நலிந்தது என்று வருந்துவதில் பொருள் இல்லை.

கீழ்வேளூர் நாடகம் அறியாத ஊர் அன்று. மேற்கே திருவாரூர், கிழக்கே நாகை. இரண்டும் கலை வளர்த்த ஊர்கள். தை அறுவடை முடிந்து, களத்து நெல் வீடு சேர்ந்து, தரிசில் உளுந்தும் பயறும் தலைதூக்கும் காலத்தில்தான் இம்மருத நிலத்தில் கூத்துக் கொட்டகை எழும். மாசி, பங்குனி, சித்திரைத் திருவிழாக்களே நாடகக்காரனுக்கு அறுவடைக் காலம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கொட்டகையும் இல்லை, கூலியும் இல்லை. ஆறு வறண்டு சம்பா கருகிய ஆண்டில் ஊர்ப் பெரியவர்கள் முதலில் நிறுத்துவது நாடகத்தைத்தான். உழவனுக்கும் நாடகாசிரியனுக்கும் வானம் ஒன்றே.

ஆனால் கணக்குத் தீர்ப்பதில் இருவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. உழவன் விளைத்த நெல்லை மரக்காலால் அளந்து, இத்தனை கலம் என்று சொல்லலாம். நாடகாசிரியன் விளைத்ததை அளக்க மரக்கால் இல்லை. நாடகம் முடிந்த விடியற்காலையில் கொட்டகைக்காரர் தம் பங்கைக் கேட்பார், விளக்குக்காரர் கேட்பார், ஆர்மோனியக்காரரும் மத்தளக்காரரும் கேட்பார்கள், முதன்மை நடிகர் கேட்கும் முன்பே பெற்றிருப்பார். எல்லாருக்கும் கொடுத்து எஞ்சினால் எழுதியவனுக்கு. எஞ்சாவிட்டால், “அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம், வாத்தியாரே” என்ற ஒரு சொல். அந்த அடுத்த ஊர் பலருக்கு வாழ்நாள் முழுதும் வரவே இல்லை.

இம்மண்ணின் மகன் ஒருவரிடமிருந்தே தொடங்கலாம். கீழ்வேளூருக்கு அண்மையில், இன்று எரிநெய்க் கிணறுகளால் பெயர் பெற்றிருக்கும் நரிமணம் என்னும் ஊரில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர் கோபாலகிருட்டிண பாரதியார். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர்; முடிகொண்டானில் வாழ்ந்து, பின்னர் மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் ஒரு நிலக்கிழாரின் அன்பில் தங்கியவர். மணம் செய்துகொள்ளவில்லை. தமக்கென்று வீடும் நிலமும் வேண்டாமல், பாட்டும் கதையும் சொல்லி வாழ்ந்தவர். அவர் ஆக்கிய இசைநாடகமே நந்தனார் சரித்திரக் கீர்த்தனை.

அந்நூலில் அவர் செய்த புதுமையை எண்ணிப் பாருங்கள். பெரியபுராணத்துத் திருநாளைப்போவார் வரலாற்றில் கொடுமை செய்யும் பண்ணை முதலாளி இல்லை. பாரதியாரோ ஒரு வேதியப் பண்ணையாரைப் படைத்தார். தில்லைக்குப் போக விடைகேட்கும் பண்ணையாளிடம், நாற்பது வேலியையும் பயிர்செய்து முடித்துவிட்டுப் போ என்று அவரைச் சொல்ல வைத்தார். நாற்பது வேலி என்பது 260 ஏக்கருக்கு மேல். தஞ்சை மண்ணில் நாற்று நட்டவர்க்கு அதன் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. சேக்கிழார் தொண்டரின் பத்தியைப் பாடினார். பாரதியார் பண்ணையையும் பண்ணையாளையும் எதிரெதிரே நிறுத்தினார். இவ்விருவர் எதிர்நிலைதான் நாடகம். 1968-ஆம் ஆண்டு திசம்பர் 25 அன்று இந்தக் கீழ்வேளூர்ப் பக்கத்து வெண்மணியில் 44 பேர் தீயில் வெந்தபோது, நூறாண்டுக்கு முன்பே இந்நிலத்துப் பாவலன் ஒருவன் அந்த முரணைக் கண்டு மேடைக்குக் கொணர்ந்திருந்தான் என்பதை எத்தனை பேர் நினைத்தனர்?

இத்தகைய நூலுக்கு ஒரு சிறப்புப் பாயிரம் வேண்டும் என்று பாரதியார், மாயூரத்தில் இருந்த பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை நாடினார். அந்நாளில் பெரும்புலவர் வாழ்த்தில்லாத நூலுக்கு மதிப்பில்லை. பிள்ளையவர்களோ தயங்கினார், நூலில் இலக்கண வழுக்கள் இருந்தன, கதையும் பெரியபுராணத்தோடு ஒத்துப் போகவில்லை. பாரதியார் மீண்டும் மீண்டும் வந்தார்; வந்த போதெல்லாம் ஏதோ ஒன்று சொல்லிப் பிள்ளையவர்கள் காலந்தாழ்த்தினார். ஒரு நாள் நண்பகல். பிள்ளையவர்கள் உள்ளே படுத்திருந்தார். திண்ணையில் காத்திருந்த பாரதியார், தம் நூலிலிருந்தே பாடத் தொடங்கினார். பாட்டு உள்ளே சென்றது. பிள்ளையவர்களின் உள்ளம் உருகியது. எழுந்து வந்து பாயிரம் பாடிக் கொடுத்தார். இதனைப் பிள்ளையவர்களின் மாணவரான உ. வே. சாமிநாதையரே எழுதி வைத்திருக்கின்றார்.

இந்நிகழ்ச்சியைப் புலவரின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே பலரும் எடுத்துரைப்பர். பெருந்தன்மைதான், அதில் ஐயமில்லை. ஆயினும் அந்தத் திண்ணையையும் கொஞ்சம் பாருங்கள். நாடகம் எழுதியவன் வெளியே. இலக்கணம் கற்றவர் உள்ளே. நடுவில் ஒரு கதவு. மீனாட்சிசுந்தரம் பிள்ளை இறுதியில் அக்கதவைத் திறந்தார். அவருக்குப் பின்வந்த புலவர் பலர் திறக்கவே இல்லை. கூத்தாடிக்கு எழுதுவது கற்றவர்க்கு இழிவு என்று இருந்துவிட்டனர். அந்நூல் அச்சேறத் துணை நின்றவர் காரைக்காலில் இருந்த சீசே என்னும் பிரெஞ்சு அலுவலர். தமிழ்ப் புலவர் தயங்கிய இடத்தில் அயல்நாட்டார் ஒருவர் முந்திக்கொண்டார்!

பின்னர் நிகழ்ந்தது என்ன? தஞ்சாவூர்க் கிருட்டிண பாகவதர் போன்றோர் நந்தன் கதையைச் சொல்லிப் புகழ்பெற்றனர். பாரதியார் 1896-இல் மறைந்தார். 1935-இல் நந்தனார் கதை திரைப்படமானபோது, அதில் நந்தனாராக நடித்த கே. பி. சுந்தராம்பாளுக்கு ஓரிலக்கம் உருபா கொடுத்ததாக நாடே வியந்து பேசியது. அவ்வம்மையாரின் குரலுக்கு அது தகும். ஆயின் நந்தனுக்கு நாடக உரு கொடுத்தவர் பிறர் வீட்டுத் திண்ணையில் வாழ்ந்து முடித்தார் என்பதையும் அதனருகே எழுதி வைக்க வேண்டாவா?

கற்றவர் நாடகமே எழுதவில்லையா என்று கேட்கலாம். எழுதினர். சுந்தரம் பிள்ளை 1891-இல் மனோன்மணீயம் தந்தார். பரிதிமாற் கலைஞர் ரூபாவதி, கலாவதி, மானவிசயம் ஆகியவற்றோடு நாடக இலக்கணமாக நாடகவியலும் செய்து, 33 அகவையில் 1903-இல் மறைந்தார். நாகையில் 1876-இல் தோன்றிய மறைமலையடிகள் சாகுந்தலத்தைத் தமிழாக்கினார். இவை யாவும் தமிழுக்கு அணிகள். ஆனால் இவர்கள் கல்விப் பணியால் வாழ்ந்தவர்கள். மேடைக் கூலியால் வாழ்ந்தவர்கள் அல்லர். இந்நாடகங்கள் பெரிதும் வகுப்பறையில் வாழ்ந்தன. கொட்டகையில் விடிய விடிய விழித்திருந்த மக்கள் கேட்ட தமிழ் வேறாக இருந்தது. அந்தத் தமிழை ஆக்கியவர் யார்?

சங்கரதாசு அடிகளைப் போன்றவர்கள். 1867-இல் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனித் தண்டபாணி அடிகளிடம் தமிழ் கற்றவர். உப்பளத்தில் கணக்கு எழுதியவர். உப்புக் கணக்கு நிலையான வருவாய். அதை விட்டு 24 அகவையில் நாடகத்துக்கு வந்தார். நடித்தார், பயிற்றுவித்தார், நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். 1918-இல் மதுரையில் சிறுவர் நாடகக் குழு ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் புகழ்பெற்ற தி. க. சண்முகமும் உடன்பிறந்தாரும் சிறுவராகச் சேர்ந்தது அக்குழுவில்தான். அச்சிறுவர்க்கென்றே அபிமன்யு சுந்தரி என்னும் முழு நாடகத்தை ஒரே இரவில், உரையாடலும் பாட்டுமாக எழுதி முடித்தார் என்று சண்முகம் எழுதியிருக்கின்றார்.

ஒரே இரவில் எழுதினார் என்றால் வியக்கின்றோர், ஏன் ஒரே இரவில் எழுத நேர்ந்தது என்றும் எண்ண வேண்டும். சிறுவர் குழு என்பது ஒரு பெருங்குடும்பம். நாள்தோறும் அத்தனை வாய்க்கும் சோறு வேண்டும். ஓர் ஊரில் பழைய நாடகம் சலித்துவிட்டால் கொட்டகை காலியாகும். புதிய நாடகம் வந்தால்தான் உலை கொதிக்கும். புலவன் ஓலையை வைத்துக்கொண்டு ஓராண்டு சிந்திக்கலாம். நாடகாசிரியனுக்கு விடிந்தால் ஒத்திகை.

1921-இல் அடிகளை வாதநோய் தாக்கியது, பேச்சு அடங்கியது, கையும் காலும் விழுந்தன. ஆயிரக்கணக்கான உரையாடல்களைப் பிறர் வாயில் வைத்தவர் வாய் பேசாமல் கிடந்தார். 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். இன்று புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவர் எழுதிய வள்ளி திருமணம் சிற்றூர்த் திருவிழாக்களில் இன்றும் நடக்கின்றது. நடிப்போர் ஒவ்வோர் ஊரிலிருந்தும் தனித்தனியே வந்து மேடையில் கூடுகின்றனர். நாடகம் அனைவருக்கும் மனப்பாடம். இறந்தபின் கிடைத்த பெருமையில் குறைவில்லை. இருந்தபோது கிடைத்தது உழைப்புக்கு ஈடானதா என்பதே வினா.

சங்கரதாசரின் நடையில் வடசொல் மிகுதி என்று தூய தமிழன்பர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. மிகுதிதான். ஆனால் காரணத்தை எங்கே தேடுவது? இருநூறு இரவு நாடகத்துக்கு நடுவே, பசித்த குழுவைக் காக்க ஒரே இரவில் எழுதும் ஒருவர்க்குப் பக்கத்தில் அமர்ந்து, “ஐயா, இச்சொல்லுக்கு ஈடாக இந்தத் தமிழ்ச்சொல் பாட்டுக்கும் பொருந்தும், நடிகன் நாவுக்கும் பொருந்தும்” என்று எடுத்துக் கொடுத்த புலவர் எத்தனை பேர்? கொட்டகைக்குள் கால் வைக்காமலே கொட்டகைத் தமிழ் கெட்டது என்று சொல்வது, வயலில் இறங்காமலே களை மண்டியது என்று வரப்பில் நின்று குறைகூறுவதை ஒக்கும்.

நாடகாசிரியனின் இடுக்கண் பசியோடு முடியவில்லை. ஆங்கில அரசு 1876-இலேயே நாடகங்களை அடக்கச் சட்டம் செய்தது. விடுதலைக்குப் பின்னும் 1954-இல் சென்னை மாநிலத்தில் தனிச்சட்டம் வந்தது, எம். ஆர். இராதாவின் நாடகங்களே அதற்கு இலக்கு என்று அந்நாளில் பலரும் கூறினர். எழுதியதை முதலில் காவல்துறைக்குக் காட்டி இசைவு பெற வேண்டும் என்ற நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. ஒரு நாடகக்காரர் வழக்காடிய பின்னரே, 2013-இல், சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் கூறுகளை நீக்கியது. புலவர் வாயிலில் ஒரு காத்திருப்பு. காவல் நிலைய வாயிலில் இன்னொரு காத்திருப்பு!

இவ்வட்டாரத்துத் திருக்குவளையில் 1924-இல் பிறந்த மு. கருணாநிதி, இருபது அகவையளவில் பழனியப்பன் என்னும் நாடகம் எழுதித் திருவாரூரில் நடத்தினார். வரவு செலவுக்குப் போதவில்லை, கடன் நின்றது. அந்நாடகத்தை நூறு உருபாவுக்கு விற்றுக் கடனை அடைத்தார். அவர் பின்னர் திரைப்படத்துக்கும் ஆட்சிக்கும் சென்றார். கொள்கையால் அவரோடு மாறுபடுவோரும் இதனை எண்ண வேண்டும்: நூறு உருபாவுக்கு நாடகத்தை விற்றபின் போக்கிடம் கிடைக்காத இளைஞர் எத்தனை பேர்? அவர்கள் பேனாவை வைத்துவிட்டுக் கடைக்கணக்கு எழுதப் போனபோது, அவர்களோடு போனது தமிழ் நாடகமும் அன்றோ?

“திரைப்படமும் தொலைக்காட்சியும் வந்தபின் நாடகத்தை யார் பார்ப்பார்கள்?” என்று சிலர் கேட்கலாம். மேடை நாடகம் சுருங்கியது மெய்தான். ஆனால் ஊர்த் திருவிழா நிற்கவில்லை. பள்ளி ஆண்டுவிழா நிற்கவில்லை. பொங்கல் விழா நிற்கவில்லை. மேடை இருக்கின்றது, எழுதுவோனைத் தேடுவார் இல்லை. பள்ளி விழாவில் பிள்ளைகள் திரைப்பாட்டுக்கு ஆடுவதைக் கண்டு வருந்துவோர், அதே விழாவுக்கென்று உள்ளூர் இளைஞன் ஒருவனிடம் அரைமணி நேர நாடகம் எழுதித் தருமாறு கேட்டதுண்டா? கேட்டிருந்தால், அவனுக்கு என்ன கொடுத்தார்கள்?

ஆகவே தமிழன்பர்கள் செய்யத்தக்கவை பெரியன அல்ல. ஊரில் நாடகம் நடத்த முனையும்போது, கொட்டகைக்கும் விளக்குக்கும் பணம் ஒதுக்கும் முன்பே எழுதியவனுக்கு ஒரு பங்கை ஒதுக்குங்கள். அறிக்கையில் நடிகர் பெயருக்குமேல் அவன் பெயரை அச்சிடுங்கள். நாடகம் முடிந்தபின் அதன் படியைக் கேட்டு வாங்கிப் பாதுகாத்து வையுங்கள், இயன்றால் அச்சிடுங்கள். தமிழாசிரியர்கள் ஒத்திகைக்குப் போங்கள்; பிழையைத் திருத்துங்கள், ஆனால் பக்கத்தில் அமர்ந்து திருத்துங்கள். நடிகன் மூச்சுக்கு இடங்கொடுக்கும் நல்ல தமிழ் வரி ஒன்று அமைந்தால், நூறு சொற்பொழிவு செய்யாததை அது ஓரிரவில் செய்யும். வடசொல் கலவாத தமிழ் மேடையில் வாழ வேண்டும் என்று விரும்புவோர், அத்தமிழை எழுதுகின்றவன் வாழ வேண்டும் என்றும் விரும்ப வேண்டும்.

நரிமணத்துப் பாரதியார் காத்திருந்ததுபோல் இன்றும் ஏதோ ஒரு திண்ணையில் ஓர் இளைஞன், கையில் நாடகச் சுவடியோடு காத்திருக்கின்றான். அவனை உள்ளே அழையுங்கள்; எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்; கேட்டபின் அவனுக்குரிய கூலியைக் கொடுங்கள். மூன்றாம் தமிழுக்குச் செய்யும் தொண்டு அங்கிருந்துதான் தொடங்கும்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ் நாடகம்!