மாடிகளுக்கு இடையே உள்ள வெளி



கதிரவெளி என்னும் எங்கள் ஊர்ப் பெயரிலேயே வெளி இருக்கிறது. கடலும் வயலும் சூழ்ந்த ஊரில் வெட்டவெளியை யாரும் ஒரு பொருளாக மதிப்பதில்லை. நகரத்திலோ அதற்கு விலையுண்டு; சில நாடுகளில் விதியும் உண்டு.

சீனத்தின் பெருநகரப் படங்களைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். முப்பது மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும். அவற்றினிடையே அகன்ற புற்றரைகள் கிடக்கும். இது அழகுக்காக மட்டும் விடப்பட்டதன்று. 1993ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிப்படி, வடக்கிலும் நடுப்பகுதியிலும் உள்ள பெருநகரங்களில், சனவரி மாதத்துக் கடுங்குளிர் நாளிலும் வீட்டிற்குக் குறைந்தது 2 மணி நேரம் வெயில் விழவேண்டும். கட்டடம் உயர உயர நிழல் நீளும். நிழல் நீள நீள இடைவெளியும் அகலவேண்டும். ஆகவே மாடிகளை இரட்டித்தால் ஓர் ஏக்கரில் வாழும் மக்கள் தொகையும் இரட்டிக்கும் என்று கணக்கிடுவது தவறு. புதிய குடியிருப்பில் நூற்றுக்கு 30 பங்கு பசுமையாக இருக்கவேண்டும் என்றும் அவ்விதி கூறிற்று.

ஆனால் அப்பசுமையைச் சுற்றிப் பெரும்பாலும் மதில் எழுந்தது. தெருவிற் செல்பவன் அதைக் கம்பி வேலிக்கூடாகத்தான் பார்க்கலாம். மதில் சூழ்ந்த குடியிருப்புகளை இனிக் கட்டலாகாது, உள்ளவற்றையும் படிப்படியாகத் திறந்துவிட வேண்டும் என்று 2016இல் சீன அரசே அறிவித்தது.

நமது கொழும்பின் நிலை வேறு. இங்கே சூரியன் உச்சியில் நிற்பவன். குளிர்காலம் என்பதும் இல்லை. வெயிலுக்காக இடைவெளி விடவேண்டிய தேவை இங்கில்லை. இயற்கை வற்புறுத்தாத இடத்தில் மனிதர்தாம் வற்புறுத்த வேண்டும். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் இதை உணர்ந்திருந்தார் போலும். காலிமுகத்திடலின் நடைபாதை 1859இல் நிறைவெய்தியபோது, கொழும்பு நகரப் பெண்கள், குழந்தைகளின் நலனுக்காக அதைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரை வேண்டிக் கல்லிற் பொறித்து வைத்தார். ஆட்சியாளர் பலர் மாறியும் திடல் எஞ்சியது. 2022இல் மக்கள் திரண்டு ஆட்சியாளரை எதிர்த்து நின்றதும் அங்கேதான். மதிலிட்ட பூங்காவில் அது நடந்திருக்குமா?

அத்திடலின் அருகே, 2014இல் தொடங்கிச் சீன நிறுவனமொன்று கடலைத் தூர்த்து 269 ஹெக்டேயரில் துறைமுக நகரத்திற்கு நிலம் ஆக்கியது. மற்றொரு பக்கம், நெரிசலான தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களை நகர அபிவிருத்தி அதிகார சபை தொடர்மாடிகளுக்கு மாற்றி வருகிறது. இரண்டிடத்திற்கும் வரைபடம் உண்டு. வரைபடத்திற் பச்சை வண்ணமும் உண்டு. அந்தப் பச்சைக்கு வாயில் எந்தத் தெருவிலே திறக்கிறது, மாலையில் அதை யார் பூட்டுகிறார் என்பதை அனுமதி வழங்குமுன் அதிகாரிகள் கேட்டறிய வேண்டும்.