ஆசான் செயலாளர், சீடர் தலைவர்!

(ஆசிரியர் தினத்தையொட்டி நடந்த தேனி மாவட்ட ஐ.டி. விங் கூட்டத்தில் நம் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையில இருந்து நம்ம எல்லார் ஸ்டேட்டஸ்லயும் ஆசிரியர் தின வாழ்த்துதான். நல்ல விஷயம். ஆனா அரசியல்ல ஒரு ஆசானுக்கு எப்படி நன்றி சொல்றது? எனக்குத் தெரிஞ்சு அதை வாழ்ந்து காட்டினவர் பெருந்தலைவர் காமராஜர்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். அவருடைய அரசியல் குரு தீரர் சத்தியமூர்த்தி. திருமயத்தில் பிறந்த வக்கீல், மேடையை அதிரவைக்கும் பேச்சாளர். சீடரைவிட ஏறக்குறைய 16 வயது மூத்தவர். படிப்பு, சாதி, பேசுற பாணி எதிலும் ரெண்டு பேருக்கும் ஒற்றுமை கிடையாது. ஆனாலும் 1936-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானதும் காமராஜரைத்தான் செயலாளராக வைத்துக்கொண்டார்.

1940-ல் மறுபடியும் தலைவர் தேர்தல். ராஜாஜி தரப்பில் சி.பி.சுப்பையா, சத்தியமூர்த்தி தரப்பில் காமராஜர். முடிவு 103-க்கு 100. மூணே ஓட்டு வித்தியாசத்தில் காமராஜர் ஜெயிச்சார். அதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். சீடர் தலைவர் நாற்காலியில் உட்கார, அவருக்குக் கீழே செயலாளராக வேலை பார்த்தார் சத்தியமூர்த்தி! தான் வளர்த்த பையன்கிட்ட தானே பொறுப்பு வாங்கி வேலை செய்ய எவ்வளவு பெரிய மனசு வேணும், யோசிச்சுப் பாருங்க.

1942 ஆகஸ்ட் போராட்டத்தில் ரெண்டு பேருமே கைதானாங்க. 1943 மார்ச் 28-ல் சத்தியமூர்த்தி காலமானார். அப்போ காமராஜர் சிறையில். 1945-ல்தான் வெளியே வந்தார். குருவுக்குக் கடைசி மரியாதை செய்யக்கூட முடியலை.

அந்தக் கடனை அவர் மறக்கலை. 1947-ல் நாடு விடுதலை அடைஞ்சப்போ சத்தியமூர்த்தி வீட்டுக்குப் போய்த்தான் கொடியேத்தினார். 1954-ல் முதலமைச்சரானபோதும் அதே வீட்டுக்குப் போய், குருவின் படத்துக்கு மாலை போட்டு, அவர் மனைவியை வணங்கினார். பதவி கிடைச்சதும் ஏணியை எட்டி உதைக்கிற அரசியலையே பார்த்துப் பழகின நமக்கு இது பெரிய பாடம்.

நன்றி மாலையோட முடியலை. சத்தியமூர்த்தி சென்னை மேயராக இருந்தபோது குடிநீர்ப் பஞ்சத்தைத் தீர்க்க பூண்டி நீர்த்தேக்கத்துக்காகப் பாடுபட்டார். 1944-ல் அது கட்டி முடிஞ்சப்போ பார்க்க அவர் இல்லை. இன்னைக்கு அதுக்குப் பேரே சத்தியமூர்த்தி சாகர். சீடரும் அதே வழியில்தான் போனார். 1959-ல், காமராஜர் ஆட்சியில், நம்ம வைகை அணை திறக்கப்பட்டது. லோயர் கேம்ப்ல இறங்குற பெரியாறு தண்ணி நம்ம பள்ளத்தாக்கு வயல்களை நனைச்சுட்டு அந்த அணைக்குத்தான் போய்ச் சேருது. அங்கிருந்து மதுரை வரைக்கும் குடிக்கவும் விவசாயத்துக்கும் போகுது. குரு தொடங்கின வேலையை இன்னும் பத்து ஊருக்குக் கொண்டுபோறதுதான் உண்மையான நன்றி.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். இன்ஜினியரிங் முடிச்ச எனக்கு, வாக்காளர் பட்டியல்ல பேர் சேர்க்க படிவம் 6 நிரப்பணும்னு சொல்லிக்கொடுத்தது கூகுள் கிடையாது. எங்க ஊர் டீக்கடைப் பெரியவர். தெரு வாரியா, வீடு வாரியா நோட்டுல எழுதி வெச்சிருப்பார். எந்த வீட்டுப் பொண்ணுக்கு 18 முடிஞ்சுது, யார் கல்யாணமாகி வெளியூர் போயிட்டாங்க, எல்லாம் அதுல இருக்கும். அந்த நோட்டுக்கு முன்னாடி நம்ம எக்செல் ஷீட் சும்மா!

அப்படிப்பட்டவங்க நிறைய பேர்கிட்ட ஸ்மார்ட்போன் கிடையாது. கூட்டத் தகவலை வாட்ஸ்ஆப் குரூப்ல மட்டும் போட்டா, அவங்களுக்குத் தெரியாமலே கூட்டம் முடிஞ்சுடும். அதனால தம்பி, தங்கச்சிகளே, அடுத்த கூட்டத்துக்கு உங்களுக்கு வேலை கத்துக்கொடுத்தவர் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லுங்க. முடிஞ்சா வண்டியில கூட்டிட்டு வாங்க. அவங்க நோட்டுல இருக்கிறதை உட்கார்ந்து கேட்டு எழுதிக்குங்க.

மேடையில் இருக்கிற அண்ணன்மார்களே, அக்காமார்களே, உங்ககிட்டயும் உரிமையோட ஒரு வேண்டுகோள். உள்ளாட்சித் தேர்தல் வரும்போது, ஒரு வார்டையாவது நீங்க வளர்த்த ஒரு பிள்ளைக்கு விட்டுக்கொடுங்க. நோட்டீஸ் எடுத்துக்கிட்டு அந்தப் பிள்ளைக்காக நீங்க ஓட்டுக் கேட்டு வாங்க. செயலாளரா இருந்ததால சத்தியமூர்த்தி எந்த விதத்திலும் குறைஞ்சு போகலை. 80 வருஷம் தாண்டியும் தேனியில நாம அவரைப் பத்திப் பேசிட்டிருக்கோம்.

தீரர் புகழ் ஓங்குக! பெருந்தலைவர் புகழ் வாழ்க!

உங்களுக்கு அரசியல் கத்துக்கொடுத்தவர் யார்? கமெண்ட்ல சொல்லுங்க, அதுக்கு முன்னாடி அவருக்கு ஒரு போன் போடுங்க.

#ஆசிரியர்தினம் #காமராஜர் #தீரர்சத்தியமூர்த்தி #தேனி