பொய்யென்று தீர்ப்பளிப்பவர் யார்?

(புங்குடுதீவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாணர் பாலம் இத்தீவை வேலணையுடன் இணைக்கின்றது. கனடாவிலும் பிரான்சிலும் வாழும் நம் மக்களுடன் நம்மை இணைப்பது கைப்பேசி. 2022 ஏப்ரல் 3ஆம் நாள், கிளர்ச்சிக்கு அஞ்சிய அரசு முகநூலையும் வாட்ஸ்அப்பையும் முடக்கிற்று.

2024 ஜனவரி 24இல், 108க்கு 62 என்ற வாக்குகளால் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியது. ஒரு கூற்றுப் பொய்யானதா என்று தீர்மானிப்பது யார்? ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழு! அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரமும் வேண்டுமாம், இருக்கட்டும்.

பெண்களை இழிவுபடுத்தும் கயவர்களைத் தண்டிக்க வேண்டாமென்று நான் கூறவில்லை. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தபின் நீதவான் தண்டிக்கட்டும். ஆனால், “சரணடைந்த என் மகன் எங்கே?” என்று ஒரு தாய் எழுதினால், அவன் சரணடையவே இல்லையென்று ஐவர் அறிவிப்பதா?

திருத்தம் கோரும் மனு வாயிலில் இருக்கின்றது. படித்துப் பார்த்து ஒப்பமிடுங்கள்.