ஏற்காட்டுப் பாறைகளை உருட்டியது பனியா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் ஏற்காடு போனபோது நம் குடியிருப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "இந்த உருண்டைப் பாறையெல்லாம் பனி உருட்டிக்கொண்டு வந்ததா?" பாடப்புத்தகத்தில் ஆர்க்டிக் படம் பார்த்திருக்கிறாள். நல்ல கேள்வி.

கனடாவின் வடபகுதியில் அப்படித்தான் நடந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டின் பெரும்பகுதியைப் பனிப்படலம் மூடியிருந்தது. அது நகர்ந்தபோது மேல்மண்ணைச் சுரண்டித் தள்ளியது. அடியில் சிக்கிய கற்கள் பாறைத் தரையில் நீளக் கீறல்கள் போட்டன. பனி எந்தப் போக்கில் நகர்ந்தது என்பதை அந்தக் கீறல்களைப் பார்த்துச் சொல்கிறார்கள். பனி உருகியதும், தொலைவிலிருந்து வந்த வேற்றுப் பாறைகள் அங்கங்கே தங்கிவிட்டன.

அந்தக் காலத்தில் சேர்வராயன் மலையில் பனிப்படலம் இல்லை. இங்கே வேலை செய்தது மழையும் வெயிலும். ஏற்காட்டுப் பாறையின் பெயர் சார்னோகைட். பூமிக்கடியில் 20 கிலோமீட்டருக்கும் கீழே, சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. அது மேலே வந்தபின், விரிசல் வழியே நீர் இறங்கிப் பாறையை மண்ணாக்கியது. நடுவில் இற்றுப்போகாமல் நின்றதுதான் நாம் பார்க்கும் உருண்டை. உச்சியில் இதே வேலை மிக நீண்ட காலம் நடந்ததால்தான் பாக்சைட் உண்டானது. அதை வெட்டித்தான் மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்த முறை மலைப்பாதையில் போகும்போது, சாலைக்காக வெட்டிய கரையைப் பாருங்கள். செம்மண்ணுக்குள் உருண்டைக் கற்கள் பதிந்திருக்கும். சிலவற்றில் வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரியும். எங்கிருந்தும் வந்தவை அல்ல. இருந்த இடத்திலேயே உருண்டையானவை.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அந்த உருண்டைகளைப் பிடித்து வைத்திருப்பது சுற்றியுள்ள மண்தான். சரிவை நேர்குத்தாக வெட்டி, நீர் போக வழியும் விடாவிட்டால், பெருமழையில் மண்ணும் கல்லும் சேர்ந்து இறங்கும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

நம்மில் சிலர் மலையில் மனை வாங்க யோசிக்கிறீர்கள். காட்சி அழகை அப்புறம் பாருங்கள். மனைக்குப் பின்னால் சரிவை எப்படி வெட்டியிருக்கிறார்கள், மேலிருந்து வரும் தண்ணீருக்கு வடிகால் உண்டா, மேட்டில் மரங்கள் நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் ஒரு மழைநாளில் போய்ப் பாருங்கள். பனி சுரண்டாமல் விட்டுவைத்த மண் அது. நாம் சுரண்ட வேண்டாம்.