கிறிஸ்துமஸ் காலையும் நம் குடும்பங்களும்

(பாகான் செராய் வட்டாரத் தோட்ட மக்கள் கூடிய நிகழ்ச்சியில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைய பேச்சின் தலைப்பைப் பார்த்ததும் உங்களுள் சிலர், "இவர் கிறிஸ்துவரா?" என்று எண்ணியிருக்கலாம். அல்லன். நான் தீபாவளி கொண்டாடும் குடும்பத்தில் பிறந்தவன். ஆயினும் லயத்து வீட்டில் வளர்ந்தவனுக்குப் பக்கத்து வீட்டுப் பண்டிகை அயலார் பண்டிகை ஆவதில்லை. தீபாவளியன்று எங்கள் வீட்டுத் தட்டு அவர்கள் வீட்டுக்குப் போகும். கிறிஸ்துமஸ் அன்று அதே தட்டு நெய் உருண்டையும் அச்சு முறுக்குமாகத் திரும்பி வரும். வெறுந்தட்டைத் திருப்பி அனுப்புவது பெருங்குறை என்பார் என் தாயார். வீட்டில் ஒன்றும் இல்லாத நாளில் ஒரு பிடி சர்க்கரையாவது வைத்துத்தான் அனுப்புவார். அந்தத் தட்டு கொடுத்த உரிமையில்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நான் பேசப்போவது பண்டிகை முழுவதையும் பற்றியன்று. அதன் காலைப் பொழுதைப் பற்றி மட்டுமே.

ஏன் காலை என்று கேட்பீர்கள். பால்வெட்டுத் தொழிலாளியின் காலை அவருக்குச் சொந்தமானதன்று. வெயில் ஏறுவதற்கு முன்புதான் மரத்தில் பால் நன்றாக ஓடும். ஏறிய பின் ஓட்டம் தளர்ந்துவிடும். ஆகவே இருளிலேயே எழுந்து, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, கிழக்கு வெளுக்கும்போது நிரையில் கத்தியும் கையுமாக நிற்க வேண்டும். கணவன் ஒரு நிரை, மனைவி ஒரு நிரை. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தையைத் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் எத்தனை தாய்மார்கள் வேலைக்குப் போயிருக்கிறார்கள்! நானும் அப்படி விடப்பட்ட குழந்தைதான். தகப்பனாரும் தாயாரும் ஒன்றாக வீட்டில் இருக்க, பொழுது விடிவதைக் கண்ட நாள்களை நான் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூடுதல் சம்பளம் என்றால் வேலைக்குப் போய்விடுவார்கள்.

இப்பொழுது பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. தொழிற்சாலை இரவு வேலை, வாரத்துக்கு வாரம் மாறும் வேலை நேரம் என்று அங்கேயும் காலை நேரம் நம் கையில் இல்லை. இந்த நிலையில், டிசம்பர் 25 நாடு முழுவதற்கும் பொது விடுமுறை. கிறிஸ்துவக் குடும்பத்திற்கு, அனைவரும் ஒரே கூரையின் கீழ் விடியலைக் காணக் கிடைக்கும் அரிய நாள் அது.

அந்த அரிய காலை எப்படிக் கழிகிறது? உள்ளதைச் சொல்லுகிறேன், யாரும் வருத்தப்படக் கூடாது. நள்ளிரவுப் பூசை முடிந்து குடும்பம் வீடு திரும்பும். ஆண்கள் நண்பர்களோடு உட்கார்ந்துவிடுவார்கள். போத்தல் திறக்கும். விடிந்த பின் படுத்துப் பகல் உணவுக்கு எழுவார்கள். வீட்டுத் தாயோ இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, இறைச்சி கழுவவும் மசாலை அரைக்கவும் அடுப்படிக்குப் போய்விடுவார். புதுச்சட்டை போட்ட பிள்ளைகள் அதைக் காட்ட ஆளில்லாமல் வாசலில் நிற்கும். கொண்டாட்டம் என்ற பெயரில் ஆளுக்கொரு மூலையில் கழிகின்ற காலை அது. தீபாவளி கொண்டாடும் வீடுகளிலும் இந்தக் கதை உண்டு. நான் ஒரு தரப்பாரை மட்டும் குறை சொல்லுவதாக நினைக்க வேண்டாம்.

"எங்கள் வீட்டில் அப்படியொரு வழக்கம் கிடையாது, ஐயா" என்று சிலர் சொல்லுகிறார்கள். வழக்கம் என்பது வானத்திலிருந்து இறங்கி வருவதா? நாம் இன்று ஆதி காலத்தது என்று நினைக்கும் ஒவ்வொன்றையும் ஒரு நாள் ஒருவர் தொடங்கித்தான் இருக்கிறார். கி.பி. 336இல் ரோமாபுரியில் டிசம்பர் 25ஆம் நாளைக் கிறிஸ்து பிறந்த நாளாகக் குறித்ததற்குச் சான்று உண்டு. ஆனால் மாட்டுத்தொழுவக் குடிலுக்கு வித்திட்டவர் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ். 1223ஆம் ஆண்டு இத்தாலியில் கிரெச்சியோ என்னும் மலையூரில், தீவனத் தொட்டியில் வைக்கோலை இட்டு, உண்மையான மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, ஊரார் கண்ணாரக் காணும்படி செய்தார். கிறிஸ்துமஸ் மரமோ ஜெர்மானியர் வழக்கம். 1848இல் விக்டோரியா அரசியாரின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் ஒரு லண்டன் பத்திரிகையில் வெளிவந்த பின்புதான் ஆங்கிலேயர் வீடுகளில் அது பரவலாயிற்று. தமிழ்நாட்டில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), தமிழர் நன்கறிந்த குறவஞ்சியையே எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அவரவர் கையிலிருந்த பொருளைக் கொண்டு தொடங்கினார்கள்.

தொலைவில் தேடவும் வேண்டாம். இதோ, இந்தப் பாகான் செராயிலேயே சூசைப்பாளையம் இருக்கிறது. 1880களில், தமிழ் மக்களிடையே பணியாற்றிய ரெனே ஃபே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைக் குடியமர்த்தி உருவாக்கிய ஊர் அது. அவர் 1896இல் மலாக்கா ஆயராகி, 1904இல் காலமானார். கிரியானின் பெரிய நீர்ப்பாசனத் திட்டம் 1906இல்தான் நிறைவேறியது என்பதை நினைத்தால், தொடக்கத்தில் வந்தவர்கள் எத்தகைய நிலத்தில் வந்து இறங்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஊருக்குச் சூசையப்பர் பெயர். அவர் தச்சுத் தொழிலாளி. மே முதல் நாளை அவரைத் தொழிலாளராகப் போற்றும் திருநாளாகப் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் அறிவித்தார். கடல் கடந்து வந்த அந்தக் குடும்பங்கள் பெட்டியில் கொண்டுவந்த சாமான் மிகக் கொஞ்சம். பழக்க வழக்கங்களுக்குத்தான் கப்பலில் கூலி கிடையாது.

இப்பொழுது நான் கண்ட ஒன்றைச் சொல்லுகிறேன். எங்கள் லயத்தில் மூன்றாவது வீட்டில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். அந்த வீட்டுக்காரரை நான் 'பெரியப்பா' என்றுதான் அழைப்பேன். நல்ல வெட்டுக்காரர், அதிகம் பேசமாட்டார். மற்றவர்களைப் போல அவரும் குடிப்பவர்தாம். ஆனால் கிறிஸ்துமஸ் காலையில் மட்டும் அவர் வீட்டில் ஒரு புதுமை நடக்கும். பூசையிலிருந்து வந்து சிறிது நேரம் படுத்துவிட்டு, வேலை நாளில் எழும் அதே நேரத்தில் எழுவார். மனைவியை எழுப்ப மாட்டார். தாமே விறகு வைத்து அடுப்பு மூட்டி, தண்ணீர் காய வைத்து, கோப்பி கலக்குவார். பிறகு பிள்ளைகளை எழுப்பி, பித்தளைக் குவளையில் முதல் கோப்பியை அவர்கள் கையிலே கொடுத்து, "அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்" என்பார். பெரியம்மா அதை வாங்கிப் படுக்கையில் அமர்ந்தபடியே குடிப்பார். ஆண்டு முழுவதும் எல்லாருக்கும் முன்னே எழுந்து, எல்லாருக்கும் கலக்கிக் கொடுத்துவிட்டு, தாம் நின்றுகொண்டே இரண்டு மிடறு விழுங்கி ஓடுகிற பெண்மணி அவர்.

லயத்தில் இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. "பெண்டாட்டிக்குக் கோப்பி ஆற்றுகிறான்" என்று கிணற்றடியில் சிரித்தார்கள். ஒரு முறை என் தகப்பனாரும் சிரித்தார். பெரியப்பா காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டும் செய்தார். அதற்கடுத்த ஆண்டும் செய்தார். கோப்பி குடித்து முடிந்ததும் மூத்த பெண் வேத புத்தகத்தை எடுத்து லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் முதல் இருபது வசனங்களை வாசிப்பாள். கடைக்குட்டி, அதுவரை வெறுமையாக இருந்த குடிலில் குழந்தை இயேசுவை வைப்பான். பிறகுதான் எங்கள் வீட்டுக்குத் தட்டு வரும். இவ்வளவுக்கும் அரை மணி நேரம் பிடிக்காது.

பிற்காலத்தில் அந்தத் தோட்டம் செம்பனையாயிற்று. லயங்கள் இடிக்கப்பட்டன. பெரியப்பாவும் மறைந்தார். ஓராண்டு அலுவல் காரணமாகப் பட்டவொர்த்தில் தங்கியிருந்தபோது, கிறிஸ்துமஸ் அன்று காலை அவருடைய மூத்த மகன் வீட்டுக்குப் போனேன். பத்து மாடிக் கட்டடம், மின்சார அடுப்பு. சமையலறையில் அவன் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தான். அவனுடைய பத்து வயதுப் பையன் அந்தப் பித்தளைக் குவளையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு தன் அம்மாவிடம் போனான். அங்கே யாரும் சிரிக்கவில்லை. "எங்கப்பா வீடு வாசல் என்று ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை, அண்ணே" என்று அவன் முன்பொரு நாள் என்னிடம் குறைப்பட்டவன். அன்று அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

ஆசிரியர் பயிற்சி பெற்றவன் ஆதலால் எனக்குச் சொல்லிக் கொடுக்கும் பழக்கம் விட்டுப் போகவில்லை, சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். தொடங்குவது ஒன்றாக இருக்கட்டும். பத்து வழக்கங்களை ஒரே ஆண்டில் தொடங்கினால் மறு ஆண்டு ஒன்றும் மிஞ்சாது. காசு செலவாகும் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மழைக்காலத்தில் மரம் நனைந்து வேலை நிற்கும் நாள்கள் பல. டிசம்பரில் சம்பளம் குறைந்து வருவது உங்களுக்குத் தெரியாததா? தவணைக்கு வாங்கிய பொருளோடு தொடங்கும் வழக்கம் கடன் தீருமுன்பே கசந்துவிடும். பிள்ளைகளின் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். பார்த்துக்கொண்டிருந்ததைப் பிள்ளை மறந்துவிடும். தன் கையால் செய்ததை மறப்பதில்லை. வகுப்பறையில் நான் கற்ற பாடம் இது.

வாசிப்பதைத் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் விடுங்கள். தடுக்கித் தடுக்கி வாசித்தாலும் திருத்த வேண்டாம். அன்று ஒரு நாள் தேர்வு இல்லை. அந்தப் பகுதியில் ஒரு செய்தியைக் கவனித்திருக்கிறீர்களா? பிறப்பின் நற்செய்தி முதலில் போய்ச் சேர்ந்தது அரண்மனைக்கன்று. இரவில் வயல்வெளியில் விழித்திருந்து மந்தையைக் காத்த இடையர்களுக்கு. ஊர் உறங்கும்போது வேலையில் இருந்தவர்கள் அவர்கள். பெரட்டுக்குப் போன பரம்பரைக்கு அந்த வரியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் வீடுகள் இங்கே அதிகம். அன்று வர இயலாத பிள்ளையைக் கைப்பேசியில் அழைத்து, வாசிக்கும் நேரத்தில் அவர்களும் கேட்கும்படி செய்யுங்கள். காணொளி அழைப்பைக் கண்டுபிடித்தவன் நல்லாயிருக்கட்டும். ஒரு பள்ளிக்கூட நோட்டில் ஆண்டுக்கு ஒரு பக்கம் எழுதி வைப்பதும் நல்லது. யார் யார் வந்தார்கள், யார் வாசித்தார்கள், மழை பெய்ததா, புதிதாகப் பிறந்த குழந்தை எது என்று நான்கு வரி போதும். லயத்தை விட்டு வெளியேறியபோது எங்களிடம் தோட்டத்துப் புகைப்படம் இரண்டே இருந்தன. எழுத்தாக ஒன்றும் இல்லை. அந்த வருத்தத்தில் சொல்லுகிறேன்.

தட்டு அனுப்பும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். மலாய் அண்டை வீட்டாருக்கு அவர்கள் சமயத்திற்கு ஏற்ற பழமோ, ஹலால் முத்திரையுள்ள பிஸ்கட்டோ கொடுங்கள். பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புங்கள். பெரியவர்கள் போனால் வாசலிலேயே பேச்சு முடிந்துவிடும். பிள்ளைகள் போனால் உள்ளே அழைத்து உட்கார வைப்பார்கள்.

தோழர்களே, குடிக்காதே என்று சொல்லத்தான் இவர் வந்திருக்கிறார் என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நான் அதற்காக வரவில்லை. பெரியப்பாவும் குடிப்பவர்தாம் என்று முன்பே சொன்னேன். அந்த அரை மணி நேரத்தை மட்டும் போத்தலுக்கு முன்னே வைத்தார், அவ்வளவுதான். நீங்களும் அந்த அரை மணி நேரத்தை எடுத்து வையுங்கள். மற்ற நேரத்தைப் பற்றி வேறொரு நாள் வந்து பேசுகிறேன். அன்றும் நீங்கள் வர வேண்டும்.

இறுதியாக ஓர் அறிவிப்பு. இங்குள்ள வயற்காரர் ஒருவர், இந்தக் கூட்டத்துக்கென்று மூன்று கட்டு வைக்கோல் கொடுத்திருக்கிறார். மண்டபத்து வாசலில் மழை படாமல் வைத்திருக்கிறோம். குடில் கட்டும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பிடி எடுத்துப் போகலாம். ரப்பர் விதை பொறுக்கி வைத்திருந்தால் அதுவும் குடிலுக்கு ஆகும். ஆட்டுக்குட்டி செய்ய அதைவிட நல்ல பொருள் கிடைக்காது. தீக்குச்சியில் கால் வைத்துக்கொள்ளலாம். எப்படிச் செய்வதென்று தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், காட்டித் தருகிறேன்.