படத்துக்கு உட்காரும்போது

(விடுதி ஒன்றில் இறுதியாண்டு மாணவர்களுக்கு நிழற்படம் எடுப்பதற்கு முதல்நாள் மாலை நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



நாளைக்கு உங்களையெல்லாம் படம் எடுக்கப் போறாங்க. வேலைக்கு மனுப் போட, அடையாள அட்டைக்கு, வீட்டுச் சுவரில் மாட்ட. இதற்கு ஒரு பேச்சா என்று சிலர் முகத்தில் கேள்வி தெரிகிறது. என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் கவிதை இல்லை, வங்கி வேலைதான் என்று நினைக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் பசை தடவி ஒட்டி, பாதி படத்தின் மேலும் பாதி தாளின் மேலும் விழுகிற மாதிரி முத்திரை குத்துகிறவன் நான்.

பல வருசமாகப் பார்க்கிற ஒரு விசயம். நூறுநாள் வேலைக் கணக்குக்காக வருகிற நம்ம சனங்களோட ஆதார் ஜெராக்சில் முகமே இருக்காது. கறுப்பாக ஒரு முட்டை, அதில் ரெண்டு வெள்ளைப் புள்ளி. “இது நீதானா?” என்று கேட்கிறார்கள் கவுண்டரில். அறுபது வயது அம்மாவை ஒருமையில்தான் கேட்கிறார்கள், அது தனிக் கதை. அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து காட்டுகிறது, தான் தான்தான் என்று. அதே மிசினில் போட்ட வெளுத்த தோல்காரர் தாளில் மீசை முடிகூட எண்ணலாம். மிசினுக்குச் சாதி கிடையாது, சரி. எந்த முகத்தை முன்னால் வைத்து மிசினைப் பழக்கினார்கள் என்பதுதான் கேள்வி.

இதற்கு எழுதி வைத்த சரித்திரமே இருக்கிறது. அமெரிக்காவின் கோடாக் கம்பெனி, கலர் படம் பிரிண்டு போடுகிற லேபுகளுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லா நிறமும் சரி என்று அர்த்தம். கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் சேர்ந்து நிற்கிற பள்ளிக்கூடப் படத்தில் கறுப்புப் பிள்ளைகளுக்குப் பல்லும் கண்ணும்தான் மிஞ்சியது. பிறகு பழுப்பு நிறம் ஒழுங்காக விழுகிற மாதிரி பிலிமைத் திருத்தினார்கள். அதற்குச் சாக்லேட் விளம்பரக்காரர்களும் மரச்சாமான் விற்கிறவர்களும் செய்த புகார்தான் பெரிய காரணம் என்று அந்தக் கம்பெனியில் இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். தாய்மார் கேட்டு அல்ல, நாற்காலி கேட்டு!

கேமரா முன்னால் ஒடுக்கப்பட்டவனை முதலில் உட்கார வைத்தது யார்? 1850இல் தென் கரோலினாவில் ஒரு விஞ்ஞானி, அடிமைகளாக இருந்த ஆண்களையும் பெண்களையும் துணி அவிழ்த்து நிறுத்திப் படம் எடுக்க வைத்தான். ரென்டி, அவர் மகள் டெலியா. வெள்ளையனுக்குக் கீழான இனம் என்று நிரூபிக்க. நம் ஊரில் சென்னை அருங்காட்சியகத்துத் தலைமைப் பொறுப்பில் இருந்த தர்ஸ்டன், சனங்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார், படமும் எடுத்தார்; 1909இல் ஏழு தொகுதிப் புத்தகம் வந்தது. அதில் பெரும்பாலும் ஆளுக்குப் பேர் இல்லை. சாதிக்குத்தான் பேர்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒருத்தர் இருக்கிறார், பிரெடரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பி ஓடியவர். அடுத்த வருசம் பாரிசில் புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்படுகிறது. 1895இல் சாகும்வரை அவர் விடாமல் கேமரா முன்னால் உட்கார்ந்தார். இன்றைக்குக் கிடைப்பது மட்டும் சுமார் 160 தனித்தனிப் படங்கள். அவர் காலத்து அமெரிக்காவில் இத்தனை படம் வேறு யாருக்கும் இல்லை, லிங்கனுக்கும் இல்லை. பெருமைக்காக இல்லை. வெள்ளை ஓவியன் கறுப்பனை வரைந்தால் உதட்டையும் மூக்கையும் ஊதிப் பெருக்காமல் இருக்க மாட்டான், கேமராவிடம் அந்தப் புத்தி இல்லை என்று நம்பினார். புகைப்படத்தைப் பற்றி 1861இல் பாஸ்டனில் மேடையேறிப் பேசவே செய்தார்.

அவர் எப்படித் தயாரானார் என்று படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். கறுப்புக் கோட்டு, கஞ்சி போட்ட வெள்ளைக் காலர், வகிடெடுத்த தலை. பின்னால் தூண், திரைச்சீலை, பூச்சாடி என்று ஜோடனை கிடையாது. அநேகமாக வெறும் திரைதான். சிரிப்பும் கிடையாது. ‘சிரித்துக்கொண்டிருக்கிற சந்தோச அடிமை’ என்று வெள்ளையன் வரைந்து வைத்த படத்தை அந்த முகம் கிழித்தது. அதே காலத்தில் சோஜர்னர் ட்ரூத், அவரும் அடிமையாகப் பிறந்தவர், மூக்குக்கண்ணாடியும் பின்னல் ஊசியுமாக உட்கார்ந்து எடுத்த படங்களை அட்டையாக்கி விற்று இயக்கத்துக்கும் வயிற்றுக்கும் பணம் சேர்த்தார். 1864இல் அதன் உரிமையையும் தன் பேரிலேயே பதிந்தார். படம் எடுத்தவன் பேரில் இல்லை!

‘கோட்டு வெள்ளைக்காரன் உடை, நமக்கெதற்கு?’ என்று கேட்கிற தோழர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர் மேல் எட்டுத் தடைகள் போட்டார்கள். ஹட்டன் தன் சாதி பற்றிய புத்தகத்தில் பதிந்திருக்கிறார். தங்கம், வெள்ளி கூடாது. ஆண்களுக்கு இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு கூடாது. மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. இப்போ யோசியுங்க. ஸ்டுடியோவுக்குப் போகும் முன்னால் உங்க அம்மா என்னென்ன செய்யச் சொல்வாங்களோ, கிட்டத்தட்ட எல்லாம் இதில் இருக்கு. அதே 1930 டிசம்பரில் அம்பேத்கரும் ரெட்டைமலை சீனிவாசனும் லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். காந்தி 1921இல் மதுரையில் சட்டையைக் கழற்றினார். அவருக்குக் கழற்ற ஒரு சட்டை இருந்தது. நம் தாத்தனுக்குப் போடுவதே குற்றம்.

அதனால் இஸ்திரி போட்டு வாங்க, வெட்கமே வேணாம். ஆனா ஸ்டுடியோ ஆணியில் தொங்குகிற கோட்டு வேணாம். ஆயிரம் பேர் வேர்வை, முதுகில் கிளிப்பு. உங்க உடம்புக்குப் பொருந்துகிற சட்டை போதும்.

பவுடருக்கு வருவோம். நம்ம ஆள் ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் டப்பாவை நீட்டுகிறவன் கேமராவை நம்மை நோக்கித் திருத்த மாட்டான், நம்மை அதற்காகத் திருத்துவான். பிளாசு அடித்தால் முகம் சாம்பல் பூத்து நிற்கும், கழுத்து தனியாக நிற்கும். இப்போ டப்பா கூடத் தேவையில்லை, கம்ப்யூட்டரில் ஒரு தட்டு, கேட்காமலே வெளுக்கும். அப்புறம் அந்தப் படத்தோடு வங்கிக்கு வந்தால் “இது நீங்கதானா?” என்று மறுபடியும் அதே கேள்வி.

விசயம் எளிது. கேமராவுக்குள் இருக்கிற ஒளிமானி, எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைக்கும். பின்னால் வெள்ளைத்துணி கட்டினால் வெளிச்சம் அதிகம் என்று ஏமாந்து குறைத்துவிடும். குறைவது நம் முகத்தில். அதனால் ‘முகத்துக்கு அளந்து எடுங்கண்ணே, இல்லாட்டி ஒரு ஸ்டாப் கூட்டி வைங்க’ என்று சொல்லுங்க. கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். செல்போனில் எடுத்தால் முகத்தின் மேல் தொட்டு, தேவைப்பட்டால் வெளிச்சத்தை மேலே தள்ளுங்க. சுவரை ஒட்டி நிற்காதீங்க, நாலஞ்சு அடி தள்ளி நில்லுங்க. நேருக்கு நேர் பிளாசு வேணாம், பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சம் போதும். வேர்வையைத் துண்டால் ஒற்றுங்க. தோலில் இருக்கிற லேசான மினுமினுப்பை விட்டுவிடுங்க, கன்னமும் தாடையும் அதில்தான் உருவம் பெறும்.

சிரிக்கலாமா? டக்ளஸ் சிரிக்காததற்கு அவருக்குக் காரணம் இருந்தது. உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரியுங்க. தங்கச்சிகளைத்தான் ‘தலைய சாச்சு, கொஞ்சம் சிரிம்மா’ என்பார்கள். சாய்க்கவே வேணாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறந்துபோன அம்மாவின் கணக்கை முடிக்க ஒருவர் வந்தார். கூலிவேலை செய்கிறவர். இருநூத்திச் சில்லறை ரூபாய். கையெழுத்தெல்லாம் முடிந்து பாஸ்புக்கை ரத்து செய்ய வாங்கும்போது, “சார், அந்தப் படத்த மட்டும் உரிச்சுக் குடுத்துருங்க. வேற இல்ல” என்றார். முத்திரையின் பாதி அந்த அம்மாவின் கன்னத்தில் இருந்தது. பிளேடால் மெதுவாக உரித்துக் கொடுத்தேன்.

நாளைக்கு மூன்று மணி வரை வெளிச்சம் நல்லா இருக்கும் என்று படம் எடுக்கிற தோழர் சொல்கிறார். பக்கத்து ஊர்க்காரர்கள் அம்மா அப்பாவையும் பாட்டியையும் கூட்டி வாங்க, அவர்களையும் தனித்தனியாக எடுக்கச் சொல்லியிருக்கிறேன். பிரிண்டு கைக்கு வந்ததும் பின்பக்கம் பென்சிலால் பேர், ஊர், வருசம் எழுதிவிடுங்க. பேனா வேணாம், மை முன்பக்கம் ஊறும்.